பத்துப் பிள்ளைகள் இருந்தால் ஒரு பள்ளிக்கூடம்

சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் துறைமுகத்துக்கு 1891இல் ரயில் ஓடத் தொடங்கியது. அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளில் போர்ட்டிக்சனை அடுத்த சி ரூசாவைச் சுற்றியுள்ள வட்டாரமே ரப்பர்ப் பால் மரக் காடானது. சுவா பெத்தோங், சுங்காலா, பிராட்வால், லின்சம் என்று நீளும் தோட்டங்களுக்குக் கங்காணிகள் தமிழ்நாட்டிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆள் சேர்த்தார்கள். குடும்பம் வந்தால் பிள்ளைகளும் வருவார்கள். நெகிரி செம்பிலானும் அடங்கிய கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் இதற்கு ஒரு கணக்கு வைத்தது: பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் முதலாளி ஒரு பள்ளிக்கூடம் நடத்த வேண்டும். அந்தச் சட்டம் தலைகளை எண்ணியது. எத்தனை பிள்ளைகள் வாசிக்கக் கற்றார்கள் என்று எண்ணவில்லை. நூறாண்டுத் தோட்டப் பள்ளி வரலாற்றின் பெருங்குறை அங்கேதான் தொடங்கியது என்பது என் கருத்து.

பல தோட்டங்களில் ஆபீசில் வேலை பார்த்த கிராணியோ, எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு கங்காணியோதான் வாத்தியார். எல்லா வகுப்பும் ஒரே அறையில் நடந்தன. நான்காம் வகுப்போடு படிப்பு முடிந்த பள்ளிகள் ஏராளம். பாடநூல்கள் நெடுங்காலம் இந்தியாவிலிருந்து வந்தவை. வீட்டுப் பக்கமும் துணை கிடையாது. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போன தாயும் தகப்பனும் நிரையில் பால் வெட்டிக்கொண்டிருக்கும்போதுதான் பிள்ளை கண் விழிக்கும். கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில் கிடக்கும். லயத்து வீட்டில் கதைப் புத்தகமும் இல்லை, படித்துக் காட்ட ஆளும் இல்லை. ஆக, பள்ளியின் முதல் மூன்று ஆண்டுகளில் கிடைத்த வாசிப்புத்தான் அந்தப் பிள்ளைக்கு வாழ்நாளுக்கும் கிடைத்த வாசிப்பு.

அந்த மூன்று ஆண்டுகள் ஏன் அவ்வளவு முக்கியம்? அமெரிக்காவின் டெக்சாஸில் 54 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து, ஆய்வாளர் கான்னி ஜூவல் 1988இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். முதல் வகுப்பின் முடிவில் வாசிக்கத் தடுமாறிய பிள்ளை நான்காம் வகுப்பின் முடிவிலும் தடுமாறுவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 88 என்று அதில் தெரிந்தது. வாசிக்க வராத பிள்ளை குறைவாக வாசிக்கிறது. குறைவாக வாசிப்பதால் சொல்வளம் சுருங்குகிறது. கணக்கும் அறிவியலும்கூட வாசித்துப் புரிந்துகொள்ள வேண்டிய பாடங்களாகும்போது அது மொத்தமாகப் பின்தங்கிவிடுகிறது. தோட்டத்தில் இதன் விளைவு இன்னும் கடுமையாக இருந்தது. தமிழில் தொடக்கப்பள்ளி முடித்த பிள்ளை வேற்றுமொழி இடைநிலைப்பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது. இடையில் ஓராண்டுப் புகுமுக வகுப்பு இருந்தது. தமிழில் சரளமாக வாசித்த பிள்ளை அந்த ஓராண்டில் மலாய்க்கு மாறிக்கொண்டது. எந்த எழுத்திலும் சரளம் வராத பிள்ளைக்கு ஓராண்டு எம்மாத்திரம்? பள்ளியைவிட்டு நின்றுபோகும் மாணவர்களைப் பற்றி 1973இல் அரசே ஓர் அறிக்கை வெளியிடும் அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது.

தோட்டப் பள்ளியே கூலிகளைத் தோட்டத்தில் தக்கவைக்கத்தானே வந்தது, அங்கே நன்றாக வாசிக்கக் கற்றிருந்தால் மட்டும் என்ன மாறியிருக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. நோக்கம் அதுதான், மறுக்கவில்லை. ஆனால் வாசிக்கத் தெரிந்தவர்கள் முதலாளியின் நோக்கத்தோடு நின்றுவிடவில்லை. 1924இல் தொடங்கிய தமிழ் நேசனும், 1935இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசும் தோட்டங்களுக்குள் சென்றது அவர்கள் வழியாகத்தான். சீர்திருத்தப் பேச்சும் சங்கச் செய்தியும் லயத்துக்கு வந்த வழியும் அதுவே. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. தொழிலாளர்களே தோட்டம் வாங்கட்டும் என்று 1960இல் அன்றைய அமைச்சர் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். குடியுரிமைப் பாரம், பங்குச் சீட்டு, விற்பனை அறிவிப்பு என்று தாள்கள் தோட்டத்துக்குள் நுழைந்த காலம் அது. தானே வாசித்துக் கையெழுத்திட்ட குடும்பத்துக்கும் பிறர் சொன்ன இடத்தில் கைநாட்டு வைத்த குடும்பத்துக்கும் அன்று ஏற்பட்ட இடைவெளி அடுத்த தலைமுறையிலும் நீடிக்கவே செய்யும்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. தமிழ் எழுத்து, ரோமன் எழுத்து என இரண்டையும் ஏழு வயதுப் பிள்ளை ஏன் சுமக்க வேண்டும், முதலிலிருந்தே மலாயில் படித்தால் போதாதா என்பார்கள். அக்கறையுள்ள பெற்றோர் கேட்கும் கேள்விதான் இது. ஆனால் வாசிப்பின் முதல் படி, எழுத்தைக் கூட்டிப் படித்ததும் தெரிந்த சொல் ஒன்று காதில் விழுவது. தெரியாத மொழியில் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு அந்த வெளிச்சம் கிடைப்பதில்லை. தாய்மொழியில் தொடங்குவதே சிறந்தது என்று யுனெஸ்கோ 1953இலேயே சொன்னதற்குக் காரணம் இது. ஒரு மொழியில் பிடிபட்ட வாசிப்பு அடுத்த மொழிக்கும் கைகொடுக்கும். அதே சமயம், தமிழ்ப்பள்ளி என்ற பெயர்ப்பலகையே தமிழில் வாசிக்க வைத்துவிடாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மலேசிய அரசு 2010இல் கொண்டுவந்த லினுஸ் திட்டம் முதல் மூன்று ஆண்டு மாணவர்களின் மலாய் எழுத்தறிவையும் எண்ணறிவையும் சோதித்தது. 2013இல் ஆங்கிலம் சேர்ந்தது. தமிழ் வாசிப்பைச் சோதிப்பது நம் பொறுப்பாகவே இருந்தது.

நாமோ இன்னும் 1923ஆம் ஆண்டுச் சட்டத்தைப் போலவே எண்ணிக்கொண்டிருக்கிறோம். 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள். இன்று ஏறத்தாழ 530. மேடைகளில் முழங்குவது இந்த எண்களும் நிலமும் கட்டடமும்தான். அவையும் வேண்டும். ஆனால் ரப்பர் போய்ச் செம்பனை வந்து, மக்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தபின் மிஞ்சிய தோட்டப் பள்ளிகள் பலவற்றில் ஒரு வகுப்புக்குப் பத்துப் பிள்ளைகள் தேறினாலே அதிகம். மொத்த மாணவர் முப்பதுக்குக் கீழே போனால் வகுப்புகளை இணைத்தே நடத்துகிறார்கள். இதைப் பள்ளி சாகும் அறிகுறி என்று மட்டுமே பார்க்கிறோம். பத்தே பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையையும் தினமும் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்க முடியும். நாற்பது பேர் உள்ள பட்டணத்து வகுப்பில் அது நடக்காது.

ஆகவே பள்ளி வாரியத்தில் இருப்பவர்களிடமும் முன்னாள் மாணவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த கூட்டத்தில் கட்டட நிதிக் கணக்குக்கு முன்பே, இரண்டாம் ஆண்டில் எத்தனை பிள்ளைகள் முன்பின் பார்த்திராத ஒரு பக்கத்தைத் தமிழிலும் மலாயிலும் தாமாக வாசிக்கிறார்கள் என்று கேளுங்கள். வாசிக்க வராத பிள்ளைக்கு அந்த மாதமே தனிப்பயிற்சி தொடங்குங்கள். ஆறாம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டாம்.