எஞ்சினுக்கு ஒரு டானிக்

சென்ற மாதம் நண்பர் ஒருவர் என்னைத் தம்முடைய காரில் செங்கற்பட்டுக்கு அழைத்துப் போனார். வழியில் பெட்ரோல் போட நிறுத்தினோம். பங்கில் இருந்த பையன் ஒரு சின்னப் புட்டியை நீட்டி, "இதையும் ஊத்திடலாமா சார்? ஆக்டேன் பூஸ்டர். வண்டி பிச்சுக்கிட்டுப் போகும்" என்றான். நண்பர் உடனே தலையை ஆட்டிவிட்டார். டானிக் என்று யார் எதைக் கொடுத்தாலும் மறுக்காமல் சாப்பிடுகிறவர் அவர். தாம் சாப்பிடும்போது கார் மட்டும் பட்டினி கிடக்கலாமா?

இரண்டு மைல் போனதும், "பார்த்தீரா ஐயா, எப்படிப் பறக்கிறது!" என்றார். எனக்கென்னவோ வண்டி எப்போதும்போலத்தான் ஓடிற்று.

வீட்டுக்கு வந்ததும் புத்தகங்களைப் புரட்டினேன். புட்டியால் பிரயோஜனம் உண்டா என்ற கேள்விக்கு விடை சீக்கிரமே கிடைத்துவிட்டது. ஆனால் அந்த விடைக்குப் பின்னால் ஒரு பழைய கதை இருந்தது. அதைப் படித்தபிறகு இரண்டு நாள் எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். எஞ்சினுக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் அமுக்குகிறது. பிறகு தீப்பொறி பிறக்கிறது; கலவை எரிகிறது; பிஸ்டன் தள்ளப்படுகிறது. எவ்வளவுக்கு அமுக்குகிறோமோ அவ்வளவுக்கு அதே பெட்ரோலிலிருந்து அதிக வேலை வாங்கலாம். ஆனால் அமுக்க அமுக்கச் சூடு ஏறும். தீ வந்து சேருமுன்பே ஓரத்திலுள்ள கலவை தானாகப் பற்றிக்கொண்டு வெடித்துவிடும். அப்போது 'டொக் டொக்' என்று சத்தம் கேட்கும். மெக்கானிக்குகள் இதை 'நாக்கிங்' என்கிறார்கள். நீடித்தால் எஞ்சின் பாழ்.

ஆக்டேன் எண் என்பது பெட்ரோல் எவ்வளவு அமுக்கத்தை இப்படி வெடிக்காமல் தாங்கும் என்பதற்கு அளவு. பெட்ரோலின் பலத்தை அது காட்டவில்லை. பொறுமையைக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிகமாக அமுக்குகிற எஞ்சினுக்குப் பொறுமையான பெட்ரோல் வேண்டும். நாக்கிங் இல்லாமல் சாதாரணப் பெட்ரோலில் ஓடும்படி செய்த வண்டிக்கு, மேற்கொண்டு பொறுமையைப் புட்டியில் வாங்கி ஊற்றுவதால் வேகம் வராது. என் நண்பருடைய வண்டி அந்த ஜாதியைச் சேர்ந்தது.

இனிக் கதைக்கு வருவோம். அமெரிக்காவில் ஓஹையோ மாகாணத்தில் டேட்டன் என்று ஓர் ஊர். அங்கே சார்லஸ் கெட்டரிங் என்ற பொறியியல் மேதை இருந்தார். கைப்பிடியைச் சுழற்றாமல் காரைக் கிளப்பும் மின்சார ஸ்டார்ட்டரைத் தந்தவர் அவர்தாம். நாக்கிங் ஏன் வருகிறது என்று கண்டுபிடிக்கும் வேலையை, 1916-ல் தம்மிடம் சேர்ந்த தாமஸ் மிட்ஜ்லி என்ற இளைஞரிடம் ஒப்படைத்தார். மிட்ஜ்லி படித்தது இயந்திரப் பொறியியல்; ரசாயனம் அன்று.

தொடக்கமே வேடிக்கை. பனிக்காலம் முடியுமுன்பே பூக்கும் ஒரு செடியின் இலை சிவப்பாக இருப்பது அவர்கள் நினைவுக்கு வந்தது. சிவப்பு நிறம் சூட்டைச் சீக்கிரம் வாங்கிக்கொள்ளுமோ? பெட்ரோலைச் சிவப்பாக்கினால் நாக்கிங் நிற்குமோ? சாயம் கைவசம் இல்லை. அயோடினைக் கலந்தார்கள். நாக்கிங் குறைந்துவிட்டது! பிறகு நிஜச் சிவப்புச் சாயங்களைக் கலந்து பார்த்தால் ஒன்றும் நடக்கவில்லை. காரணம் நிறமன்று, அயோடின்தான். தப்பான யோசனை சரியான கதவைத் திறந்துவிட்டது.

அயோடின் விலை அதிகம், உலோகத்தையும் அரித்தது. மிட்ஜ்லி ஒன்றன்பின் ஒன்றாகப் பொருள்களைச் சோதித்தார். டெல்லூரியம் நன்றாக வேலை செய்தது. ஆனால் அதைத் தொட்டவர்மேல் பூண்டு நாற்றம் ஒட்டிக்கொண்டு போக மறுத்தது. கடைசியில் 1921 டிசம்பர் 9-ந் தேதி டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயக் கூட்டுப்பொருளில் ஒரு சொட்டு விட்டார்கள். பெட்ரோலில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வேண்டியிருக்கவில்லை. நாக்கிங் அடியோடு நின்றது.

ஈயம் என்றதும் நம் வீட்டு ரசம் கொதிக்கும் ஈயச் சொம்பு நினைவுக்கு வரும். அது வெள்ளீயம். இது காரீயம். காரீயம் விஷம் என்பது கிரேக்க, ரோமானிய வைத்தியர்களுக்கே தெரிந்த சங்கதி.

விற்பனைக்கு வைத்த பெயரில் 'ஈயம்' என்ற சொல்லே இல்லை. 'எத்தில்' என்று மட்டும் பெயர் சூட்டினார்கள். 1923 பிப்ரவரியில் டேட்டனில் விற்பனை தொடங்கிற்று. அதே வருஷம் இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் முதலில் வந்த கார்கள் இந்தப் பெட்ரோலில்தான் ஓடின. அதற்குமேல் விளம்பரம் எதற்கு?

எரிசாராயத்தைக் கலந்தாலும் நாக்கிங் அடங்கும் என்பது மிட்ஜ்லிக்கும் கெட்டரிங்குக்கும் தெரியும். அதை அவர்களே சோதித்தவர்கள். ஆனால் சாராயத்தை யார் வேண்டுமானாலும் காய்ச்சலாம். ஒரு கம்பெனி அதற்கு ஏகபோக உரிமை கொண்டாட முடியாது. எத்தில் விஷயத்தில் அது முடியும்.

1924 அக்டோபரில் நியூ ஜெர்ஸியின் பேவே சுத்திகரிப்பு ஆலையில், இந்தப் பொருளைத் தயாரித்த தொழிலாளர்களுக்குப் புத்தி பேதலித்தது. இல்லாத உருவங்களைக் கண்டு அலறினார்கள். கட்டிப்போட வேண்டியதாயிற்று. ஐந்து பேர் இறந்தார்கள். முப்பதுக்கு மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். டீப்வாட்டர் என்ற ஊரில் இதே பொருளைச் செய்த ஆலைக்குத் தொழிலாளர்கள் 'பட்டாம்பூச்சி வீடு' என்று பெயர் வைத்திருந்தார்கள். அங்கே வேலை செய்தவர்கள் வெறும் காற்றில் பூச்சிகளைப் பிடிப்பார்களாம். அங்கேயும் உயிர்கள் போயின.

அந்த அக்டோபர் 30-ந் தேதி மிட்ஜ்லி பத்திரிகைக்காரர்களைக் கூட்டினார். எல்லோர் எதிரிலும் அந்தத் திரவத்தைக் கையில் ஊற்றித் தேய்த்துக்கொண்டார். ஒரு நிமிஷ நேரம் முகர்ந்தும் காட்டினார். தினமும் இப்படிச் செய்தாலும் ஒன்றும் ஆகாது என்றார். நாவலில் இப்படி ஒரு காட்சி எழுதினால், பாத்திரம் இவ்வளவு துணிந்து பொய் பேசுமா என்று நீங்கள் கேட்பீர்கள். 1923-ன் தொடக்கத்தில் அவரே ஈய விஷத்தால் உடல் கெட்டு, ஃப்ளோரிடாவுக்குப் போய் ஓய்வெடுத்துத் திரும்பியவர்!

1925 மே 20-ந் தேதி வாஷிங்டனில் அரசாங்கத்தின் தலைமை மருத்துவ அதிகாரி ஒரு மாநாடு கூட்டினார். எத்தில் கம்பெனியின் சார்பில் பேசியவர், இது கடவுளே கொடுத்த கொடை என்றார். ஹார்வர்டைச் சேர்ந்த டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் அம்மையார் தொழிற்சாலை விஷங்களை ஆராய்வதிலேயே வாழ்வைச் செலவிட்டவர். ஆலையைக் காவல் செய்யலாம், நாடெங்கும் தெருவில் சிதறும் ஈயத்தை யார் காவல் செய்வது என்பது அவருடைய வாதம். கம்பெனி மருத்துவர் ராபர்ட் கீஹோ, தீங்கு என்று நிரூபித்தால் நிறுத்திவிடுகிறோம் என்ற கட்சியைப் பேசினார். கேட்பதற்கு நியாயம்போல்தான் இருக்கிறது. ஆனால் இதன் பொருள் என்ன? விற்கிறவர் தம் சரக்கு நல்லது என்று காட்ட வேண்டியதில்லை. சுவாசிக்கிறவன் தனக்குக் கெடுதல் வந்ததைக் காட்ட வேண்டும்.

நிறுத்தி வைத்திருந்த விற்பனை 1926-ல் மறுபடி ஆரம்பமாயிற்று. தடை செய்யப் போதிய காரணமில்லை, ஆராய்ச்சி தொடரட்டும் என்றது நிபுணர் குழு. ஆராய்ச்சி தொடர்ந்தது, பெரும்பாலும் கம்பெனிப் பணத்தில், கீஹோவின் கூடத்தில், 40 வருஷம் வரையில்!

உண்மையை வெளிக்கொணர்ந்தவர் டாக்டரும் அல்லர், மெக்கானிக்கும் அல்லர். கிளேர் பேட்டர்ஸன் என்ற விஞ்ஞானி பூமியின் வயதைக் கணக்கிட விண்கல்லில் உள்ள ஈயத்தை அளந்துகொண்டிருந்தார். 455 கோடி வருஷம் என்று 1956-ல் வெளியிட்டார். ஆனால் அளக்கும்போதெல்லாம் காற்றிலும் தூசியிலும் கையிலும் துணியிலும் இருந்த ஈயம் வந்து கணக்கைக் கெடுத்தது. இவ்வளவு ஈயம் எங்கிருந்து வந்தது என்று தேடப் புகுந்தார். 1965-ல், சாதாரண அமெரிக்கர் உடம்பில் இயற்கை அளவைப்போல் சுமார் நூறு மடங்கு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று எழுதினார். கீஹோ 'சகஜமான அளவு' என்று சொல்லிவந்தது, எல்லோருமே விஷம் அருந்திய பின் எடுத்த அளவு!

அப்புறமும் உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. அமெரிக்கா 1970-களில் குறைக்கத் தொடங்கி, சாலை வண்டிகளுக்கு 1996-ல் முழுதும் நிறுத்திற்று. சென்னை உள்ளிட்ட நம் பெருநகரங்களில் புதுக் கார்களுக்கு 1995-ல் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. இந்தியா முழுவதற்கும் 2000-ல். உலகத்தில் கடைசியாக 2021-ல் அல்ஜீரியா நிறுத்தியது. அமெரிக்க மக்களின் இரத்தத்தில் 1970-களின் பிற்பகுதியில் ஒரு டெசிலிட்டருக்குச் சராசரி 12.8 மைக்ரோகிராம் இருந்த ஈயம், 1991-க்குள் 2.8 ஆக இறங்கிற்று. குழந்தைகளின் மூளையைத்தான் அது அதிகமாகத் தாக்கும் என்பதை நினைத்தால் அந்த எண்களின் கனம் புரியும். இதற்கு நடுவே வேறொன்றும் நடந்திருக்கிறது: 1920-களில் ஒதுக்கிவைத்த அதே சாராயத்தைத்தான் இன்று நம் நாடு உட்படப் பல நாடுகள் பெட்ரோலில் கலக்கின்றன.

மிட்ஜ்லி மோசடிக்காரர் என்று சொல்லிவிட்டு நகர என்னால் முடியவில்லை. அவர் கண்டுபிடித்த மருந்து எஞ்சின் விஷயத்தில் சொன்னதைச் செய்தது. 1920-களில் கலவையை நாலில் ஒரு பங்காக அமுக்கிய எஞ்சின்கள், 1960-களில் பத்தில் ஒரு பங்குவரை அமுக்கின. கார் உண்மையாகவே வேகமாக ஓடிற்று. கண்ணெதிரே ஓடுகிற காரைக் காட்டினால், கண்ணுக்குத் தெரியாத புகையைப் பற்றி யார் பேச்சைக் கேட்பார்கள்?

நேற்று நண்பர் டெலிபோன் செய்தார். "படித்தீரே, புட்டியால் லாபம் உண்டா?" என்றார்.

"உம்முடைய வண்டிக்கு இல்லை" என்றேன்.

சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "கெடுதல் ஏதாவது உண்டா?" என்றார்.

"அதில் என்ன கலந்திருக்கிறது என்று புட்டியில் எழுதியிருக்கிறதா, பாரும்" என்றேன். கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லிப் போனார். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன்.