பிறந்தநாள் கேக்கும் பிறப்புரிமையும்

பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவது அந்நிய மோகம் என்று கூறுவோர் நம்மிடையே உளர். கோவிலில் அர்ச்சனை செய்து, வீட்டிற் பாயசம் வைத்து மகிழ்ந்த சமூகம், வெள்ளைக்காரனைப் பார்த்து மெழுகுதிரி ஊதக் கற்றுக்கொண்டது என்பது அவர்தம் முறைப்பாடு. அதில் ஓரளவு உண்மை இல்லாமலில்லை. ஆயினும், ஒரு பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்பதோடு நின்றுவிடுவது வரலாற்று நோக்காகாது. அது முதலில் யாருக்கு உரியதாயிருந்தது, பின்னர் யார் கைக்கு வந்தது, யாருடைய உழைப்பு அதனுட் கலந்துள்ளது என்று வினவும்போதே வரலாறு தொடங்குகிறது.

திருகோணமலை நகருக்கு வடக்கே, கடலோரமாக அமைந்த ஊர் நிலாவெளி. தமிழரும் முஸ்லிம்களும் அங்கு அயலவராய் வாழ்கின்றனர். மீன்பிடியும் தோட்டச் செய்கையும் உப்பளமும் அவ்வூர் மக்களுக்குப் பிழைப்பளித்து வந்துள்ளன. அங்கே ஓர் எளிய வீட்டில், பிள்ளையின் பிறந்தநாளுக்குத் தாயொருத்தி சொக்கலேற் கேக் செய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் முன்னே கோதுமை மா, சீனி, மாஜரீன், கொக்கோத்தூள், வனிலா, முட்டை, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவை இருக்கின்றன. இவற்றுள் அவ்வூர் தந்தவை முட்டையும் உப்பும் மாத்திரமே. எஞ்சிய யாவும் உலகின் பல மூலைகளிலிருந்து, பலருடைய கைகளைக் கடந்து அவளிடம் வந்து சேர்ந்தவை.

பண்டங்களைப் பார்ப்பதற்கு முன், பிறந்தநாள் என்ற கருத்தையே சற்று நோக்கவேண்டும். நம் முன்னோர் கொண்டாடியது பிறந்த நட்சத்திரத்தை. திகதியைக் கணக்கிட்டுக் கொண்டாடும் வழக்கம் ஏட்டிற் பதியப்பட்ட பிறப்போடு வந்தது. இலங்கையில் 1867ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் மூலமே குடிசார் பிறப்பு இறப்புப் பதிவு முறையாக ஆரம்பமாயிற்று. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தின் கதவு ஏழைக்கும் திறந்தது. பாடசாலை இடாப்பில் மீனவர் பிள்ளையின் பெயருக்கு நேரேயும் ஒரு திகதி எழுதப்பட்டது. திகதி தெரிந்த பின்னரே அதனைக் கொண்டாடுவது இயலும். கேக்கில் வயதுக்கேற்ப மெழுகுதிரி ஏற்றிய பழக்கம் பற்றிய பழைய குறிப்புகளுள் ஒன்று, 1746இல் சேர்மனியில் சின்சென்டோர்ப் என்னும் பிரபுவின் பிறந்தநாள் பற்றியது. பிரபுவின் மேசைக்கும் நிலாவெளி வீட்டின் மேசைக்கும் இடையே இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட தூரம் உண்டு. அத்தூரத்தைக் கடக்க உதவியவற்றுட் பள்ளிக்கூட இடாப்பும் ஒன்று என்பதை மறத்தலாகாது.

இனிக் கோதுமை மாவுக்கு வருவோம். நாம் பாண் என்பதும், அதைச் சுடுமிடத்தைப் போறணை என்பதும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள். 1620களில் அவர்கள் திருகோணமலையிற் கோட்டை கட்டினர். 1639இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். துறைமுகம் பிரித்தானியக் கடற்படையின் தளமாயிற்று. வெண்மையான மாவும் வெண்ணெயும் அக்காலத்தில் அதிகாரிகளின் பங்களாக்களுக்கு உரியவை. அங்கே அடுப்படியில் நின்றவர்கள் இந்நாட்டவர். மேசையில் அமர்ந்தவர்கள் ஆள்வோர்.

இந்நிலையை மாற்றியது போர். 1942 மார்ச் மாதத்தில் இரங்கூன் யப்பானியரிடம் வீழ்ந்ததும் பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையின் மீதே குண்டு வீசின. அரிசிக்குப் பங்கீடு வந்தது. குறைந்த அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா வழங்கப்பட்டது. உயர்குடியின் உணவாயிருந்த மா, பஞ்சத்தின் உணவாகச் சாதாரண வீடுகளுக்குட் புகுந்தது. போர் முடிந்தும் அது வெளியேறவில்லை. 1953இல் அரசாங்கம் பங்கீட்டரிசியின் விலையைக் கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது, ஆகஸ்ட் 12ஆம் திகதி நாடே ஹர்த்தாலில் இறங்கியது. அதற்கடுத்த ஆண்டு அமெரிக்கா தனது 480ஆம் இலக்கப் பொதுச் சட்டத்தை இயற்றி, தன்னிடம் மிஞ்சிய தானியத்தை ஏனைய நாடுகளுக்கு அனுப்பத் தொடங்கியது. உதவி என்ற பெயரில் வந்த கோதுமை, விளையாத நாடுகளின் நாவையும் தனக்குப் பழக்கிக்கொண்டது.

1970களின் முற்பகுதியில் உலகச் சந்தையிற் கோதுமையின் விலை பன்மடங்காக ஏறியது. அப்போது இலங்கையை ஆண்டது இடதுசாரிகளும் பங்குகொண்ட ஐக்கிய முன்னணி. உள்ளூர் உற்பத்தியைப் பெருக்க அது இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயச் செய்கையாளர் அதனாற் பயனடைந்தனர் என்பது உண்மை. பாணுக்காக மக்கள் விடியுமுன் வரிசையில் நின்றனர் என்பதும், சீனி அளந்து கொடுக்கப்பட்டது என்பதும் அதேயளவு உண்மை. கொள்கை சரியாயிருப்பினும் அதன் சுமை எந்த அடுப்படியில் இறங்குகிறது என்று பார்க்கத் தவறுவது எத்தகைய ஆட்சிக்கும் நேரக்கூடிய குறை. அதன் பின் 1980இல், சிங்கப்பூர் நிறுவனமான பிரிமாவின் பெரும் மாவாலை சீனக்குடாவில் இயங்கத் தொடங்கியது. கோதுமை விளையாத மாவட்டத்தில், நாடு முழுவதற்கும் மா அரைபட்டது. நிலாவெளித் தாயின் கையிலுள்ள மா, கடல் கடந்து வந்து, அவள் வீட்டிலிருந்து சில மைல் தூரத்தில் அரைபட்டதாயிருக்கலாம்.

சீனியின் கதை இன்னும் கசப்பானது. கரும்புத் தோட்டங்களில் முதலில் ஆபிரிக்க அடிமைகளும், அடிமைமுறை ஒழிக்கப்பட்டபின் ஒப்பந்தக் கூலிகளும் வதைபட்டனர். 1834 முதல் மொறீசியசுக்கும், 1860 முதல் நேற்றாலுக்கும், பின்னர் பிஜிக்கும் கப்பலேறியவர்களில் தமிழர் ஏராளம். நம் மாவட்டத்திலும் சீனிக்கு ஒரு வரலாறு உண்டு. செக்கோசிலவாக்கியாவின் துணையோடு நிறுவப்பட்ட கந்தளாய்ச் சீனி ஆலை 1960இல் உற்பத்தியை ஆரம்பித்தது. சொந்த மண்ணின் கரும்பு, சொந்த ஆலையின் சீனி என்ற நம்பிக்கை ஒரு தலைமுறைக் காலம் வாழ்ந்தது. 1990களின் முற்பகுதியில் ஆலை மூடப்பட்டது. நாடு மீண்டும் இறக்குமதிச் சீனியையே பெரிதும் நம்பலாயிற்று.

மாஜரீனுங்கூட வரலாற்றுச் சின்னமே. வெண்ணெய் வாங்க வகையற்ற மக்களுக்கும் படையினருக்கும் மலிவான மாற்றுப் பொருள் வேண்டுமென்று மூன்றாம் நெப்போலியன் பரிசு அறிவித்ததன் விளைவாக, 1869இல் பிரான்சில் மேஜ்-மூரியே என்னும் இரசாயன அறிஞர் அதனைக் கண்டுபிடித்தார். ஏழைக்கென்று கண்டுபிடிக்கப்பட்ட அந்தக் கொழுப்பே ஏழை வீட்டிலும் கேக்கைச் சாத்தியமாக்கியது.

கேக்குக்கு நிறமும் மணமும் தரும் கொக்கோவை நோக்குவோம். மத்திய அமெரிக்காவின் ஆதிக்குடிகள் அதனைப் பானமாக அருந்தினர். 1828இல் ஒல்லாந்தில் வான் ஹூட்டன் குடும்பத்தார் கொக்கோவிலிருந்து கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் பொறிக்கு உரிமம் பெற்றபின், உலர்ந்த தூளாக அது மலிவாய்க் கிடைக்கலாயிற்று. இலங்கையில் 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்தது. தோட்டத் துரைமார் தேயிலைக்கும் கொயினாவுக்கும், மாத்தளை, கண்டிப் பகுதிகளிற் கொக்கோவுக்கும் திரும்பினர். தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரின் உழைப்பிலேயே மலைநாட்டின் தோட்டங்கள் நிமிர்ந்தன. அவ்வுழைப்பாளிக்கு இந்நாடு அளித்த பரிசு யாது? 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம். இலங்கையிற் பிறந்தவரும், தம் தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்தவர் என்று நிறுவவேண்டியவரானார். பிறப்புப் பத்திரமே இல்லாத இலயத்து மக்கள் எதைக் கொண்டு நிறுவுவர்? இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். எஞ்சியிருந்தோர் பலருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமை வழங்கியது. பிறந்தநாள் என்பது வெறும் வேடிக்கைக்குரிய செய்தியன்று என்பதை இவ்வரலாறு காட்டும். பிறந்த இடமும் நாளும் எழுதப்பட்டுள்ளனவா என்பதில் ஒரு மனிதனின் வாக்கும் வாழ்வும் தங்கியிருந்தன.

கொக்கோவின் கொடுமை இங்கு மட்டும் நிகழ்ந்ததன்று. போர்த்துக்கேயரின் ஆட்சியிலிருந்த சாவோ தோமே, பிரின்சிப்பே தீவுகளில் அடிமைகளுக்கொப்பானோர் உழைத்து விளைவித்த கொக்கோவைப் பிரித்தானியாவின் பெரிய சொக்கலேற் நிறுவனங்கள் வாங்கி வந்தன. பத்திரிகையாளர் நெவின்சன் 1906இல் அதனை நூலாக அம்பலப்படுத்தினார். 1909இல் கட்பெரி அக்கொள்வனவை நிறுத்தியது. இன்று உலகின் கொக்கோவில் அரைவாசிக்கு மேல் ஐவரி கோஸ்டும் கானாவும் தருகின்றன. அவ்விரு நாடுகளிலும் சுமார் 15 இலட்சத்து 60 ஆயிரம் சிறுவர்கள் கொக்கோச் செய்கையிற் சிறுவர் உழைப்பில் ஈடுபட்டிருந்தனர் என்று 2020இல் வெளியான சிக்காகோப் பல்கலைக்கழக ஆய்வு கணித்தது. ஒரு பிள்ளையின் பிறந்தநாளுக்காக வேறொரு பிள்ளை கத்தியோடு காட்டில் நிற்கிறது.

வனிலாவுக்கும் ஒரு சிறுவனே காரணன். மெக்சிக்கோவின் அக்கொடி பிற நாடுகளிற் பூத்தும் காய்க்கவில்லை; அங்குள்ள பூச்சிகள் ஏனைய இடங்களில் இல்லை. 1841இல் ரியூனியன் தீவில் எட்மொண்ட் என்னும் 12 வயது அடிமைச் சிறுவன், சிறு குச்சியாலும் பெருவிரலாலும் பூவை மகரந்தச் சேர்க்கை செய்யும் எளிய வழியைக் கண்டான். அவன் கண்ட வழியால் தோட்டக்காரர் செல்வம் பெற்றனர். 1848இல் விடுதலை வந்தபோதுதான் அவனுக்கு அல்பியஸ் என்ற குடும்பப் பெயரே கிடைத்தது. 1880இல் அவன் வறுமையில் மாண்டான்.

இவ்வளவு உழைப்பும் வந்து சேருமிடம் ஒரு பெண்ணின் அடுப்படி. அங்கும் உழைப்பு உண்டு. மின்னடுப்பு எட்டாத காலத்தில், சட்டியில் மணலிட்டு, அதன்மேல் தகரத்தை வைத்து, மூடியின்மீதும் சிரட்டைக் கரித் தணலைப் பரப்பிக் கேக் சுட்டனர். சிலர் தகரத்தை ஊர்ப் போறணைக்குக் கொடுத்தனுப்பினர். மாஜரீனும் சீனியும் வெண்மையாகி இலேசாகும்வரை கையால் அடித்தல் தோளை நோகச் செய்யும் வேலை. காற்றை உள்ளே அடைப்பதே அதன் நோக்கம். காற்று இல்லையேற் கேக் எழும்பாது. முட்டைக்கும் மாஜரீனுக்கும் வழியில்லாத நாளில், எண்ணெயும் வினாகிரியும் அப்பச்சோடாவும் சேர்த்துக் கொக்கோக் கேக் செய்வதும் உண்டு. புளிப்பும் சோடாவும் கலந்தெழும் வாயு முட்டையின் வேலையைச் செய்யும். இவ்வறிவும் உழைப்பும் எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை. உண்போர் பிள்ளையை வாழ்த்துகின்றனர். தோள் நொந்தவள் பாத்திரம் கழுவுகிறாள். தொழிலாளர் உரிமை பேசும் நம் வீடுகளிலும் பெரும்பாலும் இதுவே நிலை என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

1957இல் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. எனினும் திருகோணமலை மக்களுக்கு அமைதி வாய்க்கவில்லை. 1983 முதல் 2009 வரை நீண்ட போர் அவர்களை மீண்டும் மீண்டும் ஊரைவிட்டுத் துரத்தியது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை நிலாவெளிக் கரையைத் தாக்கியது. உயிர்களோடு வீடுகளும், வீடுகளோடு பிறப்புப் பத்திரங்களும் அள்ளுண்டன. 2022இல் நாடு தன் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதமாக உயர்ந்தது. அதற்கு முந்திய மாதம் தற்காலிகமாகத் தடைசெய்யப்பட்ட இறக்குமதிப் பொருள்களுட் சொக்கலேற்றும் ஒன்று. எரிவாயு இல்லை, பாற்பவுடர் இல்லை, மாவின் விலை எட்டவில்லை. 2024இல் உலகச் சந்தையிற் கொக்கோவின் விலை தொன் ஒன்று 10,000 டொலரையும் தாண்டியது. அவ்விலையேற்றத்துக்குப் பின்னாலிருந்த விளைச்சல் வீழ்ச்சியின் அடியையும் மேற்கு ஆபிரிக்காவின் சிறு செய்கையாளரே தாங்கினர்.

இத்தகைய காலங்களில் ஒரு தாய் இருந்ததைக் கொண்டு கேக் செய்தாளெனில், அதனை வெறும் போலிப் பழக்கம் என்று தள்ளுவது எளிது, சரியன்று. இடம்பெயர்வுக்கும் இழப்புக்கும் இடையே, "இப்பிள்ளை இன்ன நாளிற் பிறந்தது, இன்னும் நம்மோடு இருக்கிறது" என்று வீடு கூடிச் சொல்லும் சொல் அது. பிரபுவின் மேசையிலிருந்தும் பங்களாவிலிருந்தும் இறங்கி உழைப்பவர் வீட்டுக்கு வந்த இன்பத்தை, அந்நியமென்று கூறி அவர்களிடமிருந்து பறிக்க நமக்கு உரிமையில்லை. பாயசத்துக்கு இடும் சீனியும் கப்பலில் வந்ததே.

நாம் கேட்கவேண்டிய கேள்வி வேறு. கொக்கோவை விளைவிப்பவனின் பிள்ளைக்கும் அந்தக் கேக் கிடைக்குமா? அதற்கு ஒரு பிறந்தநாள் பதியப்பட்டுள்ளதா? அடித்த கைக்கு ஓய்வு கிடைக்குமா? ஆசிரியர்கள் வகுப்பறையில் உலகப் படத்தை விரித்து, ஒரு கேக்கின் பொருள்களை ஒவ்வொன்றாக அதிற் குறிக்கச் செய்யலாம். அடிமை முறையும் ஒப்பந்தக் கூலியும் பங்கீடும் நாடற்றோர் துயரும் அப்படத்தில் தாமே வெளிப்படும். அவ்வளவோடு நில்லாமல், அன்று மாலை வீட்டில் மாஜரீனும் சீனியும் அடிக்கும் கரண்டியைத் தந்தையும் மகனும் வாங்கிக்கொள்ளட்டும். உலகத்தின் அநீதி நாளையே தீராது. அடுப்படியின் அநீதி இன்றே குறையலாம்.