சித்தன்னவாசல்: தாமரைக்குளமும் கற்படுக்கைகளும்

புதுக்கோட்டைக்கு வடமேற்கே ஏறத்தாழ 16 கி.மீ. தொலைவில் சித்தன்னவாசல் குன்று அமைந்துள்ளது. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இச்சின்னத்தைக் காண வரும் சுற்றுலாப் பயணிகளுள் பலர் அறிவர் கோயில் என்னும் குடைவரைக்குள் நுழைந்து, விதானத்து ஓவியத்தை அண்ணாந்து பார்த்து, கருவறையில் எழும் எதிரொலியைக் கேட்டுவிட்டுக் கீழிறங்கிவிடுகின்றனர். தமிழ்ச் சமணக் குடும்பத்தார் அங்கே நின்று காண வேண்டியவை இன்னும் உள.

குடைவரை அளவிற் சிறியது. அர்த்தமண்டபத்தின் தென்சுவரில் நாகப்படத்தின் கீழ்ப் பார்சுவநாதர் வீற்றிருக்கிறார். எதிரே வடசுவரில் ஒற்றைக்குடையின் கீழ் ஆசாரியர் ஒருவர் அமர்ந்துள்ளார். கருவறையின் பின்சுவரிலுள்ள மூன்று உருவங்களுள் இரண்டிற்கு முக்குடை உண்டு. மூன்றாவதற்கு ஒரு குடையே. முக்குடை தீர்த்தங்கரர்க்கு உரியது. ஒற்றைக்குடை ஆசாரியர்க்கு உரியது. அருகனுக்கு நிகராகவே அறம் உரைத்த ஆசிரியரையும் அக்காலத்தார் போற்றினர் என்பதற்கு இவ்வமைப்பே சான்று.

அர்த்தமண்டப விதானத்தில் தாமரைக்குளம் தீட்டப்பட்டுள்ளது. மலர்களுக்கும் இலைகளுக்கும் இடையே மீன்கள், அன்னங்கள், எருமைகள், யானைகள் திரிய, மூவர் மலர் கொய்கின்றனர். வெறும் நீர்நிலைக் காட்சியாகத் தோன்றும் இது, தீர்த்தங்கரர் அறம் உரைக்கும் சமவசரணத்தின் ஒரு பகுதி என அறிஞர் விளக்குவர். அவ்வவைக்குச் செல்லும் வழியிலுள்ள காதிகா பூமியே அக்குளம். மலர் கொய்வோர் அறம் கேட்கச் செல்லும் பவ்வியர். இப்பொருளை அறியாதார்க்கு அது அழகிய ஓவியம். அறிந்தார்க்கோ அறவுரை கேட்கச் செல்லும் பாதை.

இவ்வோவியங்கள் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தவை என்று ஒருகாலத்தில் கருதப்பட்டன. குடைவரை முகப்பின் அருகே பாறையிலுள்ள கல்வெட்டு அக்கருத்தை மாற்றியது. அவனிபசேகரன் ஸ்ரீவல்லபன் என்னும் பாண்டியன் காலத்தில், அஃதாவது கி.பி. 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அர்த்தமண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபமும் எடுப்பித்தான் என்பது அதன் செய்தி. அம்முகமண்டபம் பின்னாளில் அழிந்தது. இன்று முன்னே நிற்கும் தூண்கள் 20ஆம் நூற்றாண்டில் குடுமியான்மலையிலிருந்து கொணரப்பட்டவை.

குன்றின் மறுபுறம் ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகை உள்ளது. பாறையில் வெட்டிய ஏழு படிக்குழிகளால் அப்பெயர் பெற்றது. உள்ளே வழவழப்பாகத் தேய்த்த 17 கற்படுக்கைகள், தலைவைக்கும் பகுதி சற்றே உயர்ந்து, வரிசையாக உள்ளன. அவற்றுள் மிகப் பழையதன்மீது தமிழ்ப் பிராமி எழுத்துகள் காணப்படுகின்றன. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த துறவி ஒருவர்க்கு இளையர் செய்தளித்த இருக்கை அது என்கிறது அவ்வெழுத்து. அதன் காலம் கி.மு. முதல் நூற்றாண்டு, எருமிநாடு கருநாடகப் பகுதி என்பர். வேற்றுநாட்டிலிருந்து வந்த துறவிக்கு இவ்வூரார் இடமளித்த செய்தி ஈராயிரம் ஆண்டுகளாக அக்கல்லில் நிற்கிறது. பிற்காலப் படுக்கைகளில் திருநீலன், திருப்பூரணன், திட்டைச்சரணன், திருச்சாத்தன் முதலான பெயர்கள் வட்டெழுத்துக் காலத் தமிழில் பொறிக்கப்பட்டுள்ளன. ஆகவே இக்குன்றில் சமணம் ஓர் அரசனின் ஆதரவால் ஒரு தலைமுறை மட்டும் வாழ்ந்ததன்று. ஏறத்தாழ ஓராயிரம் ஆண்டு தொடர்ந்து வாழ்ந்தது.

இன்று விதானத்து வண்ணம் பல இடங்களில் உதிர்ந்துவிட்டது. காவலும் கம்பிவேலியும் கல்லைக் காக்கும். அதன் பொருளைக் காப்பது அறிந்தோர் கடமை. பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்லும் பெற்றோர் முக்குடைக்கும் ஒற்றைக்குடைக்கும் உள்ள வேறுபாட்டைச் சுட்டிக்காட்டுவார்களாக. தாமரைக்குளத்தின் கீழ் நின்று சமவசரணத்தை விளக்குவார்களாக. வெயில் ஏறுமுன் ஏழடிப்பட்டத்திற்கும் அழைத்துச் சென்று, அப்பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லச் செய்வார்களாக.