எதிர்காலம் இல்லை என்று எழுதப்பட்ட ஊர்

கலிஃபோர்னியாவின் டுலேரி மாவட்ட நிர்வாகம் 1971இல் ஒரு பொதுத் திட்டம் வகுத்தது. குடிநீரின் வரலாற்றைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தபோது அதிலிருந்த ஒரு பட்டியல் என் கண்ணில் பட்டது. மொத்தம் 15 சிற்றூர்கள். இவை நிலைக்கும் தகுதி இல்லாதவை. குடிநீர், சாக்கடை போன்ற வசதிகளைச் செய்துதராமல் விட்டால் மக்கள் மெல்ல வெளியேறுவார்கள், ஊரும் இயல்பாகத் தேய்ந்துபோகும் என்பது அதன் சாரம். 'இயல்பாக' என்ற இடத்தில் நான் வெகுநேரம் நின்றேன். ஆட்கள் கூடி உட்கார்ந்து, யோசித்து, தண்ணீர் தருவதில்லை என்று முடிவெடுக்கிறார்கள். அதன் விளைவுக்கு இயற்கையின் பெயரைச் சூட்டுகிறார்கள்.

பட்டியலில் இருந்த ஊர்களில் ஒன்று டூல்வில். ஏறத்தாழ 80 வீடுகள். புழுதிப் புயலுக்குத் தப்பிப் பிழைக்க வந்த வெள்ளை ஏழைகள் முதலில் குடியேறிய இடம். இன்று பெரும்பாலும் மெக்சிகோ வழிவந்த பண்ணைத் தொழிலாளர் குடும்பங்கள். ஊருக்கு இரண்டு ஆழ்துளைக் கிணறுகள். தெருக்கோடியை ஒட்டி ஃப்ரையன்ட்-கெர்ன் கால்வாய் ததும்பி ஓடுகிறது. அந்த நீர் பழத்தோட்டங்களுக்கானது. அதைப் பறித்துக் கொடுக்கிறவர்களின் வீட்டுக் குழாய்க்கு வராது. ஒரு மைலுக்கும் குறைவான தூரத்தில் எக்ஸிட்டர் நகரம், அதற்கென்று சொந்தக் குடிநீர் அமைப்பு. இரண்டையும் ஒரு குழாயால் இணைத்தால் போதும். இந்தச் சிறு வேலைக்காக டூல்வில் மக்கள் இருபது ஆண்டுகள் போராடினார்கள்.

அந்தப் பள்ளத்தாக்கின் நிலத்தடி நீரில் உரமும் மாட்டுப்பண்ணைக் கழிவும் நைட்ரேட்டாக இறங்கியிருக்கிறது. புட்டிப்பால் குடிக்கும் பச்சைக்குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்வது நைட்ரேட். உடம்பு நீலம் பாரிக்கும். தண்ணீர் சரியில்லையென்றால் கொதிக்கவைத்துக் கொடு என்றுதானே நமக்கெல்லாம் சொல்லி வளர்த்தார்கள்? கொதிக்கவைத்தால் நீர் வற்றும், நைட்ரேட் செறிவு கூடும். தாயின் கவனமே குழந்தைக்கு எதிராகத் திரும்புகிற தண்ணீர் அது. டூல்வில்லில் போதாக்குறைக்கு ஆறிணைதிறக் குரோமியமும் இருந்தது. அதற்கு 2014இல் மாநிலம் விதித்த வரம்பை, செலவு கட்டுப்படியாகுமா என்று முறையாகப் பார்க்கவில்லை என்று 2017இல் நீதிமன்றம் நீக்கியது. 2024இல்தான் வரம்பு மீண்டும் வந்தது. இடைப்பட்ட காலத்தில் தண்ணீர் மாறவில்லை, சட்டம்தான் மாறிக்கொண்டிருந்தது.

நான் பிறந்தது ராமநாதபுரம் பக்கம். கிணறெல்லாம் உப்பு. அம்மாவும் அத்தையும் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மோந்து மோந்து ஒரு குடம் நிறைப்பார்கள். பிறகு கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து காவிரி எங்கள் தெருவுக்கும் வந்தது. அதனால் டூல்வில் பெண்கள் எதைக் கேட்டார்கள் என்று எனக்கு விளக்கத் தேவைப்படவில்லை. 80 வீடுகள் சேர்ந்து ஒரு சுத்திகரிப்பு நிலையத்தையும் அதை நடத்தப் பயிற்சி பெற்ற ஆளையும் தாங்க முடியாது. சில ஆயிரம் வீடுகளோடு சேர்ந்தால் முடியும். நகரத்தின் தயக்கத்திலும் கொஞ்சம் நியாயம் உண்டு. அங்கும் குழாய்கள் பழையவை. தண்ணீர்க் கட்டணம் அந்தச் சேவையின் செலவைத் தாண்டக் கூடாது என்பது 1996 முதல் மாநில அரசியல் சட்டத்தில் உள்ள விதி. ஆகவே அடுத்த ஊரை இணைக்கும் செலவை நகரவாசிகளின் தலையில் கட்ட முடியாது. பொதுப்பணம் இங்கேதான் அவசியமாகிறது.

2006இல் சுசானா டி ஆண்டா, லாரல் ஃபயர்ஸ்டோன் என்ற இரு பெண்கள் சமூக நீர் மையத்தைத் தொடங்கினார்கள். பள்ளத்தாக்கின் சிற்றூர்ப் பெண்கள் வேலை முடிந்து, சமைத்து வைத்துவிட்டு, மணிக்கணக்கில் பயணம் செய்து தலைநகரான சாக்ரமென்டோவில் சாட்சி சொன்னார்கள். தண்ணீர் மனித உரிமை என்ற சட்டம் 2012இல் வந்தது. 2014 வறட்சியில் கிழக்கு போர்ட்டர்வில்லின் வீட்டுக் கிணறுகள் நூற்றுக்கணக்கில் வற்றின. பிறகு அங்கே 700க்கும் மேற்பட்ட வீடுகள் பக்கத்து நகரக் குழாயோடு அரசுச் செலவில் இணைக்கப்பட்டன. மறுக்கும் நகரத்துக்கு உத்தரவிடும் அதிகாரத்தை மாநில நீர் வாரியம் 2015இல் பெற்றது. 2019இல் ஆண்டுக்கு 13 கோடி டாலர் வரை ஒதுக்கும் நிதி உருவானது.

அதே 2019இல் எக்ஸிட்டர் நகர மன்றம் டூல்வில்லை இணைக்க மறுத்தது. 2021இல் வாரியம் ஆறு மாதக் கெடு வைத்துக் கடிதம் அனுப்பியபின்தான், 2022இல் நகரம் சம்மதித்தது. பணம் மட்டும் இருந்தால் போதாது, பின்னால் ஒரு கம்பும் இருக்க வேண்டியிருந்தது.

இதை வெற்றி என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. இந்தத் திட்டங்களில் ஓர் இணைப்புக்கு எத்தனை டாலர் என்று கணக்கு பார்க்கிறார்கள். புட்டித் தண்ணீரைச் சுமந்து, அரிசி கழுவ ஒன்று, பாத்திரம் கழுவ ஒன்று என்று பிரித்து வைத்த இருபது வருட வேலை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. எங்கள் ஊற்றடியில் கழிந்த இரவுகளும் அப்படித்தான். அத்தை இப்போது முழங்கால் வலியோடு அந்தக் கணக்கை வைத்திருக்கிறார்.

இன்னொன்றும் உறுத்துகிறது. சிற்றூரின் தண்ணீர்ச் சங்கம் எவ்வளவு ஏழையானாலும் அங்கே வாக்குச் சீட்டு உண்டு. சம்பளமில்லாத அந்த நிர்வாகக் குழுக்களில்தான், வேறெங்கும் நாற்காலி கிடைக்காத பண்ணைத் தொழிலாளிப் பெண்கள் வரவுசெலவு பார்க்கவும் அதிகாரியை எதிர்த்துக் கேட்கவும் பழகினார்கள். இணைப்பு முடிந்ததும் சங்கம் கலைகிறது. நகர எல்லையை விரிக்காமல் தண்ணீரை மட்டும் நீட்டச் சட்டம் இடம் தருகிறது. அப்படி இணைக்கப்பட்ட ஊரார் மாதாமாதம் நகரத்துக்குக் கட்டணம் செலுத்துவார்கள். அந்தக் கட்டணத்தை நிர்ணயிக்கும் மன்றத்துக்கு அவர்களால் வாக்களிக்க முடியாது.