வணிகச் சீரமைப்பு உதவி (அமெரிக்கா)

வெளிநாட்டுச் சரக்கின் வரவால் வேலையிழந்த தொழிலாளர்களுக்கு அமெரிக்க நடுவண் அரசு அளித்துவந்த வாரப்படி, தொழிற்பயிற்சி, வேலைதேடும் செலவு, குடிபெயரும் செலவு ஆகியவை அடங்கிய திட்டம். 1962-இல் சட்டமானது; 2022 ஜூலை 1 முதல் புதிதாக யாருக்கும் தகுதிச் சான்று வழங்கப்படுவதில்லை. வேலை போனதற்கு இறக்குமதியே காரணம் என்பதை எந்த அளவுக்கு நிரூபித்தால் போதும் என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு விடை கிடைத்தது. திட்டத்தின் வரலாறு பெரும்பாலும் அந்த விடைகளின் வரலாறுதான்.

இக்கருத்தின் மூலவராகப் பொதுவாகச் சொல்லப்படுபவர் எஃகுத் தொழிலாளர் சங்கத் தலைவர் டேவிட் மெக்டொனால்ட். வெளிநாட்டுப் பொருளாதாரக் கொள்கையை ஆராயக் குடியரசுத் தலைவர் ஐசனோவர் அமைத்த ராண்டால் ஆணையத்தில் உறுப்பினராக இருந்த அவர், சுங்கவரிக் குறைப்பால் நாடு முழுவதும் பயன்பெறும்போது அதன் இழப்பைச் சில ஊர்கள் மட்டும் சுமப்பது முறையல்ல என்று வாதிட்டார். 1954 ஜனவரியில் வெளியான ஆணைய அறிக்கை அவருடைய யோசனையை ஏற்கவில்லை. அந்த யோசனையையொட்டி நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவந்தவர்களில் செனட்டர் ஜான் கென்னடியும் ஒருவர். அவர் குடியரசுத் தலைவரான பின், 1962 அக்டோபர் 11-இல் கையெழுத்திட்ட வணிக விரிவாக்கச் சட்டத்தில் இது இடம்பெற்றது. சராசரி வாரக்கூலியில் 65 விழுக்காடு 52 வாரங்கள் வரை கிடைக்கும் என்றது சட்டம்.

ஆனால் தகுதிக்கு இரண்டு முடிச்சுகளை அது போட்டிருந்தது. இறக்குமதி பெருகியதற்கு வரிச்சலுகை முதன்மைக் காரணமாக இருக்க வேண்டும். வேலை போனதற்கு அந்த இறக்குமதி முதன்மைக் காரணமாக இருக்க வேண்டும். இரண்டையும் அவிழ்த்துக் காட்ட யாராலும் முடியவில்லை. 1969 நவம்பர் வரை, ஏழு ஆண்டுகளில், ஒரு மனுகூட ஏற்கப்படவில்லை. முதலில் திட்டத்தை ஆதரித்த தொழிற்சங்கங்கள் கசந்துபோய் இதை "ஈமச்செலவுக் காப்பீடு" என்று அழைத்தன. அச்சொல்லைப் பலர் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவர் ஜார்ஜ் மீனியின் பெயரில் ஏற்றினாலும், முதலில் சொன்னவர் அவர்தான் என்று உறுதிபடக் கூறுவதற்கில்லை.

1975 ஜனவரி 3-இல் குடியரசுத் தலைவர் ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம் முதல் முடிச்சை அகற்றி, இரண்டாவதைத் தளர்த்தியது. இறக்குமதி ஒரு முக்கியக் காரணமாக இருந்தாலே போதும் என்றாயிற்று. 1980-இல் ஜப்பானியக் கார்களின் போட்டியும் எண்ணெய் விலையும் அமெரிக்கக் கார் தொழிலின் மையமான டெட்ராய்ட்டை முடக்கியபோது 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் உதவி பெற்றனர்; ஓராண்டுச் செலவு சுமார் 160 கோடி டாலர். அவர்களில் பலர் பின்னர் பழைய ஆலைக்கே திரும்பினார்கள் என்ற ஆய்வுகள் ரேகன் அரசுக்கு வாதமாயின. 1981-இல் படி, வழக்கமான வேலையின்மைக் காப்பீட்டின் அளவுக்குக் குறைக்கப்பட்டது. 1988-இல் பயிற்சி கட்டாயமானது. வட அமெரிக்கத் தடையற்ற வணிக ஒப்பந்தத்தை ஒட்டி 1994 முதல் தனிக் கிளை ஒன்றும் இயங்கியது.

2002 சட்டம் அக்கிளையை இணைத்துக்கொண்டு, மருத்துவக் காப்பீட்டுக் கட்டணத்தில் 65 விழுக்காட்டை வரிச்சலுகையாகத் தந்தது. 50 வயது கடந்தவர் குறைந்த கூலியில் வேறு வேலைக்குப் போனால், கூலி வித்தியாசத்தில் பாதியை இரண்டு ஆண்டுகளில் 10,000 டாலர் வரை ஈடுசெய்தது.

இச்சட்டத்துக்குப் பெரிய சோதனை வட கரோலினாவின் கன்னபோலிஸ் நகரில் வந்தது. 1906-இல் கேனன் குடும்பத்தார் துண்டு நெய்யும் ஆலைக்காகவே உருவாக்கிய ஊர் அது. தாத்தா, மகன், பேத்தி என்று ஒரே கூடத்தில் தறி பார்த்த குடும்பங்கள் அங்கே இருந்தன. 2003 ஜூலை 30-இல், பில்லோடெக்ஸ் என்ற பெயரில் இயங்கிவந்த ஆலை மூடப்பட்டது. அம்மாநிலத்தில் மட்டும் சுமார் 4,800 பேர் ஒரே நாளில் வேலையிழந்தனர். அவர்களில் பலர் பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள். பதினாறு, பதினேழு வயதில் ஆலைக்குள் போனவர்கள். ஐம்பது வயதில் சமுதாயக் கல்லூரியின் வகுப்பில் உட்கார்ந்து, உயர்நிலைப் பள்ளிக்கு நிகரான தேர்வுக்குப் பின்னக் கணக்குப் போட்டுப் பழகினார்கள். படி தொடர வேண்டுமானால் குறித்த வாரங்களுக்குள் பயிற்சியில் சேர்ந்தாக வேண்டியிருந்தது. மருத்துவக் காப்பீட்டில் மீதி 35 விழுக்காட்டைத் தாமே கட்ட வேண்டியிருந்தது. கூலி நின்றவர்களுக்கு அதுவே பெரும் தொகை. பின்னாளில் அந்த ஆலை இடிக்கப்பட்டு, அங்கே ஓர் ஆராய்ச்சி வளாகம் எழுந்தது.

திட்டம் இயங்கிய காலத்தில் மனு செய்ய மூன்று தொழிலாளர் போதுமானதாக இருந்தது. ஆலையின் பெயர், அங்கே என்ன செய்யப்பட்டது, இறக்குமதிதான் காரணம் என்று நினைப்பது ஏன் என்று சில பக்கப் படிவம் கேட்டது. தொழிலாளர் துறை அதிகாரி ஆலைக்கும் அதன் வாடிக்கையாளர்களுக்கும் வினாத்தாள் அனுப்பினார்: இங்கே வாங்குவதைக் குறைத்து வெளிநாட்டில் வாங்கினீர்களா? ஆக, தொழிலாளியின் தரப்புக்கான சான்று, அவர் ஒருநாளும் காண முடியாத வேறொருவரின் கொள்முதல் கணக்கில் இருந்தது. மறுக்கப்பட்டவர்கள் நியூயார்க்கிலுள்ள பன்னாட்டு வணிக நீதிமன்றத்துக்குப் போக முடிந்தது. வக்கீல் இல்லாமல் தொழிலாளர் எழுதியனுப்பிய சாதாரணக் கடிதத்தையே அந்நீதிமன்றம் வழக்காக ஏற்றது. "முன்னாள் ஊழியர்கள் எதிர் தொழிலாளர் துறைச் செயலர்" என்று வழக்குக்குத் தலைப்பிட்டது. கணினி மென்பொருள் ஒரு "பொருள்" ஆகுமா என்ற வழக்கும் இப்படித்தான் வந்தது. கையில் தொட முடியாததால் ஆகாது என்று சொல்லிவந்த துறை, 2006-இல் நிலையை மாற்றிக்கொண்டது. 2009-இல் சேவைத் தொழிலாளருக்கும் உதவி விரிந்தது.

பயன் குறித்து ஒத்த கருத்து இல்லை. 2012-இல் வந்த அரசு சார்ந்த மதிப்பீடு, நான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் உதவி பெற்றோர் பெறாதோரைவிடக் குறைவாகவே சம்பாதித்ததாகக் கண்டது. பொருளியலாளர் பெஞ்சமின் ஹைமனின் 2018 ஆய்வோ, பத்தாண்டுகளில் சுமார் 50,000 டாலர் கூடுதல் வருமானம் என்கிறது. மனுவை விசாரிக்கும் அதிகாரிகளில் சிலர் இளகியவர்கள், சிலர் கறாரானவர்கள் என்ற வேறுபாட்டைக் கொண்டே அவர் ஒப்பிட்டார். இரண்டு ஆய்வுகளும் ஒப்பிட்ட குழுக்கள் வேறு என்பதால் ஒன்றை வைத்து மற்றதைத் தள்ளுவது எளிதல்ல.



2015 ஜூனில் திட்டத்தை நீட்டிக்கும் மசோதா கீழவையில் முதலில் தோற்று, அம்மாத இறுதியில் நிறைவேறியது. அந்த நீட்டிப்பு 2022-இல் காலாவதியானது. அதற்கு முன் சான்று பெற்றவர்களுக்குப் பயிற்சியும் படியும் தொடர்ந்தன. பிறகு வந்த மனுக்கள் விசாரணைக்கு எடுக்கப்படவில்லை.