நூறு டாலருக்குப் போன ஆட்டக்காரர்

அமெரிக்கக் கால்பந்துன்னதும் நம்மில் பல பேருக்கு ஹெல்மெட் போட்ட தடித்தடி ஆசாமிகள் ஒருத்தர் மேல ஒருத்தர் விழுறதுதான் ஞாபகம் வரும். காலுக்கு அதுல பெரிசா வேலை கிடையாது, அப்புறம் எதுக்கு அந்தப் பேருன்னு என்னைக் கேட்காதீங்க :-) அந்த ஆசாமிகள்ல ஒருத்தரோட கதை இது. பேர் ஆலன் பேஜ். 15 வருஷம் முட்டி மோதி ஆடிட்டு, பிறகு மின்னசோட்டா மாநில உச்ச நீதிமன்றத்துல 22 வருஷத்துக்கு மேல நீதிபதியா இருந்தவர். இவரைப் பத்தி எழுதுறவங்க எல்லாரும் இந்த ஒரு வரியைச் சொல்லி வியந்துட்டு முடிச்சிடுவாங்க. எனக்கு அதைவிட முக்கியமாப் படுறது ரெண்டுக்கும் நடுவுல 1978ல நடந்தது. எடை குறைஞ்சு போச்சுன்னு சொல்லி அவரோட அணி அவரை வெளியே அனுப்பிச்சது.

முதல்ல ஆட்டத்தைக் கொஞ்சம் பார்த்துடுவோம். பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நாலு வாய்ப்பு, அதுக்குள்ள பத்து கஜம் முன்னேறணும். பந்தை எறியறவர் குவார்ட்டர்பேக். அவருக்கு முன்னால ஒரு மனிதச் சுவர். அந்தச் சுவரை உடைச்சுக்கிட்டுப் போய் குவார்ட்டர்பேக்கைச் சாய்க்கிறதுதான் எதிரணியின் முன்வரிசைத் தடுப்பாளர்களோட வேலை. டிஃபென்சிவ் லைன்ம்பாங்க. அதில் நட்டநடுவில் நிற்பவர் டிஃபென்சிவ் டேக்கிள். கூட்டநெரிசல்ல நிக்கிற வேலை அது. கேமரா பந்து பின்னாடியே போகும், இவர் என்ன பண்ணினார்னு யாரும் பார்க்கமாட்டாங்க. பேஜ் ஆடினது அந்த இடத்தில்.

அவர் பிறந்தது 1945ல், ஓஹையோ மாநிலம் கேண்டனில். எஃகு ஆலை ஊர். என்.எஃப்.எல். அமைப்பு 1920ல் உருவானதும் இதே ஊர்லதான், ஒரு கார் விற்கிற கடையில கூடிப் பேசித்தான் ஆரம்பிச்சாங்க. அதனாலேயே பெரிய ஆட்டக்காரர்களுக்கான புகழ் மண்டபத்தை இங்கே கட்டினாங்க. 1963ல் திறந்த அந்த மண்டபத்தோட கட்டுமான வேலைக்குப் போன பையன்களில் பேஜும் ஒருத்தர். 1988ல அவருடைய மார்பளவுச் சிலையை அதே கட்டடத்துக்குள்ள வச்சாங்க. சினிமாவுல வந்தா நம்பமாட்டோம்.

நோட்டர் டேம் பல்கலைக்கழக அணியில் ஆடி 1966ல தேசிய சாம்பியன் பட்டம். அடுத்த வருஷமே மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணி முதல் சுற்றிலேயே அவரை எடுத்துக்கொண்டது. கார்ல் எல்லர், ஜிம் மார்ஷல், கேரி லார்சன், பேஜ் என்று நாலு பேர் முன்வரிசை. ஊதாச் சீருடை. அந்தக் காலத்து வேடிக்கைப் பாட்டு ஒண்ணை வச்சு இந்த நாலு பேருக்கும் 'ஊதா நிற ஆள்தின்னிகள்' என்கிற மாதிரி ஒரு பட்டப்பெயர் ஒட்டிக்கிச்சு. 1969ல 14 ஆட்டத்துக்கும் சேர்த்து எதிரணிகள் இவங்க மேல எடுத்தது மொத்தமே 133 புள்ளி. (இந்த ஜிம் மார்ஷல்தான் 1964ல் பந்தை எடுத்துக்கொண்டு திசை தெரியாமல் தன் அணியின் எல்லைக்கே 66 கஜம் ஓடி எதிரணிக்குப் புள்ளி கொடுத்த புண்ணியவான். அது தனிப்பதிவு போட வேண்டிய கதை.)

பேஜோட பலம் அவருடைய வேகம். பந்து அசைஞ்ச அந்த நொடியிலயே எதிர்ச்சுவருக்குள்ள புகுந்திருப்பார். 1971ல அந்த லீக்கோட மிகச் சிறந்த ஆட்டக்காரர்னு அசோசியேட்டட் பிரஸ் அவரைத் தேர்ந்தெடுத்தது. வழக்கமா குவார்ட்டர்பேக்குக்கோ, பந்தோட ஓடுறவருக்கோ போற விருது அது. தடுப்பாட்டக்காரர் ஒருத்தருக்குக் கிடைச்சது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகும் 1986ல் லாரன்ஸ் டெய்லருக்கு மட்டும்தான் கிடைத்தது. அப்புறம் நாலு சூப்பர் பௌல் இறுதியாட்டங்கள்... நாலிலும் தோல்வி. அதைப் பத்தி வைக்கிங்ஸ் ரசிகர்கள்கிட்ட பேசாம இருக்கிறது நல்லது.

சரி, 1978க்கு வருவோம். அதுக்கு முன்னாடி ரெண்டு மூணு விஷயம் நடந்திருந்தது.

ஒண்ணு, சங்க வேலை. அந்தக் காலத்துல ஒரு ஆட்டக்காரரோட ஒப்பந்தம் முடிஞ்சாலும் அவர் நினைச்ச அணிக்குப் போயிட முடியாது. எடுத்துக்கிற அணி பழைய அணிக்கு ஈடு கொடுக்கணும், எவ்வளவு ஈடுன்னு லீக் கமிஷனர் ரோசெல் முடிவு பண்ணுவார். எவ்வளவு கேட்பாரோங்கிற பயத்துல யாரும் எடுக்கவே மாட்டாங்க. பேஜ் தொழிற்சங்கத்தில் தீவிரமா இருந்தார். 1974 வேலைநிறுத்தத்துல இருந்தார். இந்த விதியை எதிர்த்து ஜான் மேக்கி பெயரில் நடந்த வழக்கில் மனுதாரர்களில் ஒருவர். மினியாபொலிஸ் நீதிமன்றத்துல நடந்த அந்த வழக்கில் ஆட்டக்காரர்கள் ஜெயிச்சாங்க. 1976ல மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த விதி சட்டவிரோதம்னுதான் சொன்னது.

இன்னொண்ணு, படிப்பு. ஆடிக்கிட்டே மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து 1978ல் பட்டம் வாங்கிட்டார். மத்தவங்க ஓய்வெடுக்கிற மாசங்கள்ல இவர் வகுப்புல இருந்தார்.

மூணாவது, ஓட்டம். அவர் மனைவி டயான் சிகரெட்டை விடுறதுக்காக ஓட ஆரம்பிச்சாங்க. கூடவே இவரும் ஓடினார். அவங்க சிகரெட்டை விட்டாங்க, இவருக்கு ஓட்டம் பிடிச்சுப் போச்சு. நாளுக்கு நாள் தூரம் கூடக்கூட எடை இறங்குச்சு. 245 பவுண்டு, அதாவது 111 கிலோ இருந்தவர் 225 பவுண்டுக்கு வந்துட்டார். மத்த யாரா இருந்தாலும் டாக்டர் கைகுலுக்கியிருப்பார். ஆனா நடுவில் நின்னு முட்டுறவருக்கு எடைதான் மூலதனம்னு அணி நினைச்சது. பயிற்சியாளர் பட் கிராண்டுக்கு இந்த ஓட்டமும் பிடிக்கலை, இளைச்ச உடம்பும் பிடிக்கலை. 1978 அக்டோபர், சீசன் நடுவில, அவரைக் கழட்டி விட்டாங்க. வேற எந்த அணியும் எடுத்துக்கலாம், கட்டணம் 100 டாலர். ஏழு வருஷத்துக்கு முன்னாடி லீக்லயே மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்று பேர் வாங்கினவருக்கு வந்த விலை.

கிராண்ட் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கு. பேஜுக்கு அப்ப 33 வயசு, அந்த இடத்துல அது கிழவயசு. எதிர்ல நிக்கிறவங்க வருஷத்துக்கு வருஷம் பெருத்துட்டே போனாங்க. ஆனா என் எண்ணம், எடை மட்டும் காரணமா இருந்திருக்காது. சட்டம் படிச்சு, சங்கத்துக்காக வழக்குல நின்னு, எவ்வளவு எடை இருக்கணும்னு நானே முடிவு பண்ணிக்கிறேன்னு சொல்ற ஆள் எந்த முதலாளிக்கும் கொஞ்சம் உறுத்தத்தான் செய்வார்.

அந்த நூறு டாலரைக் கொடுத்தது சிகாகோ பேர்ஸ். அங்கே தலைமைப் பயிற்சியாளர் நீல் ஆர்ம்ஸ்ட்ராங் (நிலாவுக்குப் போனவர் இல்லை, வேற ஆள்!). தடுப்பாட்டத்தைப் பார்த்துக்கொண்டது பட்டி ரையன். ரெண்டு பேரும் முன்னாடி வைக்கிங்ஸில் பேஜோடு வேலை பார்த்தவர்கள். தராசைப் பார்க்காம ஆளைப் பார்த்தாங்க. முடிஞ்சு போச்சுன்னு அனுப்பப்பட்டவர் 1981 கடைசி வரை மூணரை சீசன் ஆடினார். 1979ல பேர்ஸ் பிளேஆஃப் போனப்ப அந்த வரிசையில இருந்தார். 218 லீக் ஆட்டங்கள், ஒண்ணு கூட விட்டதில்லை. அதே 1979ல 42 கிலோமீட்டர் மாரத்தானையும் ஓடி முடிச்சார். ஆடிக்கொண்டிருக்கும் என்.எஃப்.எல். ஆட்டக்காரர் ஒருவர் மாரத்தானை முடிச்சது அதுதான் முதல் முறை. சீசன் இல்லாத மாசங்கள்ல மினியாபொலிஸ்ல வக்கீல் வேலை.

ஒரு வேடிக்கை. குவார்ட்டர்பேக்கைச் சாய்க்கிறதுக்கு 'சாக்'னு பேர். அதை லீக் அதிகாரபூர்வமாக எண்ண ஆரம்பிச்சது 1982ல, இவர் ஓய்வு பெற்ற பிறகு. அதனால அவர் வாழ்க்கை முழுக்கச் செய்த முக்கியமான வேலை அதிகாரபூர்வக் கணக்குல பூஜ்யம்!

ஓய்வுக்குப் பிறகு அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் சில வருஷம். 1992ல மாநில உச்ச நீதிமன்றத் தேர்தல்ல நிக்கலாம்னு பார்த்தா, பதவிக்காலம் முடியப்போற நீதிபதிக்கு ஆளுநர் நீட்டிப்புக் கொடுத்துட்டார். தேர்தலே இல்லைன்னு ஆயிடுச்சு. பேஜ் சும்மா இருப்பாரா? வழக்குப் போட்டார். தங்கள் சக நீதிபதியோட இருக்கையைப் பத்தின வழக்குங்கிறதால உச்ச நீதிமன்ற நீதிபதிகள் விலகிக்கிட்டாங்க, பதிலுக்கு வேற நீதிபதிகளை உட்கார வச்சு விசாரிச்சாங்க. நீட்டிப்பு செல்லாது, தேர்தல் நடத்துன்னு தீர்ப்பு. நின்னார், ஜெயிச்சார். அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. 70 வயசானா ஓய்வுங்கிற விதிப்படி 2015ல் இறங்கும்வரை மூணு தடவை மறுபடியும் தேர்தல்ல ஜெயிச்சார்.

புகழ் மண்டபத்துல ஆளைச் சேர்க்கும்போது அவரை அறிமுகப்படுத்த யாரையாவது கூப்பிடுவாங்க. பெரும்பாலும் பழைய பயிற்சியாளர். பேஜ் கூப்பிட்டது மினியாபொலிஸ் பள்ளித் தலைமை ஆசிரியை வில்லரீன் பீஸ்லியை. பேசினதும் ஆட்டத்தைப் பத்தி இல்லை, படிப்பைப் பத்தி. ஒருமுறை அணியின் ஆட்டத்திட்டப் புத்தகத்தை வரிசையாகச் சத்தம் போட்டு வாசிக்கச் சொன்னாங்களாம். கல்லூரி வரை போய் வந்த தன் கூட்டாளிகளில் சிலருக்கு வாசிக்கவே வரலைன்னு அன்னிக்குத்தான் பார்த்தாராம். பந்து நல்லா ஆடுற பையனைப் பள்ளிக்கூடமும் கல்லூரியும் அப்படியே தள்ளிவிட்டுட்டே வந்திருக்கு. எனக்கு இந்தக் கதை முழுக்க மனசை அறுக்கிற இடம் அதுதான். அந்த 1988லேயே மனைவியோட சேர்ந்து கல்வி அறக்கட்டளை தொடங்கினார். உதவித்தொகை வாங்குற கல்லூரி மாணவர் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கணும், அதுதான் நிபந்தனை.

2018ல அவருக்கு ரெண்டும் வந்தது. மனைவி டயான் இறந்தார். அதே வருஷம் நவம்பரில் அதிபரின் சுதந்திரப் பதக்கம். அன்னிக்கு அதே மேடையில் பதக்கம் வாங்கிய இன்னொருவர் டல்லாஸ் குவார்ட்டர்பேக் ரோஜர் ஸ்டாபாக். 1975 டிசம்பரில் கடைசி நிமிஷத்தில் ஐம்பது கஜம் எறிஞ்சு வைக்கிங்ஸை வெளியே தள்ளின அதே ஸ்டாபாக்! 'ஹெயில் மேரி'ங்கிற பேரே அந்த எறிதலுக்கு அப்புறம்தான் ஊரெல்லாம் பரவுச்சு.

மினியாபொலிஸ்ல ஒரு நடுநிலைப் பள்ளிக்கு 2017ல் அவர் பெயர் வைத்தார்கள். அவருடைய இடது சுண்டுவிரல் ஆட்டத்துல முறிஞ்சு பக்கவாட்டுல செங்குத்தா நீட்டிக்கிட்டு நிக்கும். அதை வச்சு மகளோட சேர்ந்து குழந்தைகளுக்கு ஒரு கதைப் புத்தகம் எழுதினார். இரட்டை நகர மாரத்தான் அவர் வீட்டுப் பக்கமாப் போகும். பல வருஷமா அந்த ஞாயித்துக்கிழமை காலையில தோள்ல சூஸாஃபோன்னு பெரிய பித்தளை ஊதுகுழலை மாட்டிக்கிட்டு ரோட்டோரம் நின்னு, ஓடிப் போறவங்களுக்காக ஊதிக்கிட்டிருப்பார்.