செஞ்சதுக்கத்துச் சமாதி

மொஸ்கோ நகருக்குச் செல்லும் பிரயாணிகள் காண விரும்பும் இடங்களுள் செஞ்சதுக்கம் முதன்மையானது. அங்கே கிரெம்ளின் கோட்டை மதிலை அடுத்து, செந்நிறக் கல்லும் கருநிறக் கல்லும் கொண்டு படிப்படியாக எழுப்பப்பட்ட சமாதி ஒன்று உண்டு. அளவிலே அது பெரியதன்று. அதன் முகப்பில் ருஷ்ய மொழியிலே ஐந்து எழுத்துக்கள் மட்டும் பொறிக்கப்பட்டுள்ளன. லெனின் என்பதே அப்பெயர்.

சோவியத் ஆட்சிக் காலத்தில் இச்சமாதியைக் காண மக்கள் பனியிலும் வெயிலிலும் நெடுநேரம் வரிசையிலே காத்து நின்றனர். உள்ளே செல்லும் ஆடவர் தொப்பியைக் கழற்றிவிட வேண்டும். கைகளைச் சட்டைப் பைக்குள் வைத்திருத்தல் ஆகாது. பேசவோ, நிற்கவோ, படம் பிடிக்கவோ அனுமதியில்லை. இருண்ட படிகளில் இறங்கி, கண்ணாடிப் பேழையைச் சுற்றி நடந்து, சில நிமிடங்களில் வெளியே வந்துவிட வேண்டும். மதத்தை மறுத்த ஓர் அரசு, கோயிலுக்குரிய ஆசாரங்களை இவ்விடத்திலே கைக்கொண்டது விந்தையே.

லெனின் 1924ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் திகதி காலமானார். அவருடைய மனைவியாகிய குரூப்ஸ்காயா, அம்மாதம் 30ஆம் திகதி பிராவ்தா பத்திரிகையிலே ஒரு வேண்டுகோளை வெளியிட்டார். கணவருக்காக நினைவுச் சின்னங்களும் மாளிகைகளும் எழுப்ப வேண்டாம். அவரைக் கௌரவிக்க விரும்புவோர் பாடசாலைகளையும் வைத்தியசாலைகளையும் குழந்தைகளுக்கான இல்லங்களையும் அமைக்கட்டும் என்பது அதன் சாரம். அவ்வேண்டுகோள் அச்சேறியது, ஆனால் நிறைவேறவில்லை. அதற்கு முன்னரே சதுக்கத்தில் மரத்தாலான சமாதி ஒன்று சிற்பி ஷூசெவ் என்பாரின் திட்டப்படி எழுந்துவிட்டது. அவரே பின்னர் கல்லால் அமைத்த கட்டடம் 1930இல் நிறைவெய்தியது.

உடலைக் கெடாது காக்கும் பொறுப்பை உடற்கூற்று அறிஞர் வொரபியோவும் இரசாயன அறிஞர் ஸ்பார்ஸ்கியும் ஏற்றனர். கிளிசரினும் பொட்டாசியம் அசெற்றேற்றும் கலந்த திரவத்தில் உடலை ஊறவைத்தல் அவர்கள் கையாண்ட முறை. ஸ்பார்ஸ்கி பல ஆண்டுகள் அவ்வுடலைக் கண்போற் காத்தார். 1941இல் ஜெர்மானியப் படைகள் நெருங்கியபோது, சைபீரியாவிலுள்ள தியுமென் நகருக்கு அதனுடன் சென்று, 1945இல் திரும்பினார். அத்தகையவரை 1952இல் அரசு கைது செய்தது. மறு ஆண்டு மார்ச்சில் ஸ்டாலின் இறந்து, அவருடலும் அதே சமாதியில் இடம்பெற ஆயத்தமானபோது, அக்கலையில் முதியவரான ஸ்பார்ஸ்கி சிறையிலிருந்தார்.

லெனின், ஸ்டாலின் என இரு பெயர்கள் முகப்பில் விளங்கிய காலம் எட்டாண்டுகளே. 1961ஆம் ஆண்டு அக்டோபரில் கூடிய கட்சியின் 22ஆவது மாநாட்டிலே, நெடுங்காலம் சிறையிலும் நாடுகடத்தலிலும் வாடிய லசூர்க்கினா என்னும் மூதாட்டி எழுந்தார். லெனின் தம் உள்ளத்தில் தோன்றி, ஸ்டாலினின் அருகே கிடப்பது தமக்கு விருப்பமில்லை எனக் கூறியதாக அவர் உரைத்தார். பகுத்தறிவையே போற்றிய சபை அதைக் கேட்டுக் கரகோஷம் செய்தது! ஸ்டாலினின் உடலை அகற்றும் தீர்மானமும் அன்றே நிறைவேறியது. அக்டோபர் 31ஆம் திகதி இரவு, அணிவகுப்பு ஒத்திகையைக் காரணங்காட்டிச் சதுக்கத்தை மூடினர். பேழையை வெளியே எடுத்து, மதிலோரத்திலே தோண்டிய குழியில் அடக்கம் செய்தனர். மார்பளவுச் சிலையொன்று அங்கே 1970இல்தான் வைக்கப்பட்டது.

இம்முறையைப் பின்பற்றிய பிற நாடுகளின் கதையும் வேறுபட்டதன்று. செக்கோசிலோவாக்கியத் தலைவர் கொட்வால்டின் உடல் 1962இல் தகனஞ் செய்யப்பட்டது. பல்கேரியாவில் டிமித்ரோவுக்கு 1949இல் ஆறே நாட்களில் சமாதி கட்டினர். அவருடல் 1990இல் அகற்றப்பட்டது. 1999 ஆகஸ்டில் வெடி வைத்தபோது அக்கட்டடம் விழாமல் சாய்ந்து நின்றது. மீண்டும் மீண்டும் முயன்றே அதனைத் தகர்த்தனர்.

வியட்நாமியத் தலைவர் ஹோ சி மின் தம் உடலைத் தகனஞ் செய்யுமாறு மரண சாசனத்திலே எழுதியிருந்தார். அது சுகாதாரத்திற்கு ஏற்றது, விளைநிலமும் வீணாகாது என்பது அவர் கருத்து. சாம்பலை நாட்டின் மூன்று பகுதிகளுக்கும் பகிர்ந்தளிக்கவும் அவர் விரும்பினார். 1969 செப்டெம்பரில் அவர் மறைந்தபின் சாசனம் வெளியிடப்பட்டது. ஆனால் அவ்வரிகளை நீக்கிவிட்டனர். 1975இல் ஹனோய் நகரின் பாடின் சதுக்கத்திலே கல்லால் சமாதி எழுந்தது. யாத்திரிகர் போல மக்கள் அங்கே வெண்ணிற உடையணிந்த காவலரிடையே வரிசையாகச் சென்று அவருடலைத் தரிசித்தனர். நீக்கப்பட்ட வரிகள் 1989இல் வெளிவந்தன. அப்போது சமாதி திறக்கப்பட்டுப் பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.